இரவில் கத்தும் பறவையும் சில இணையதளங்களும்

அன்புள்ள ஆசிரியருக்கு,

வணக்கம். வங்கிப் பணியிலிருந்து ஓய்வுபெற்றுக் கும்பகோணத்தில் இருக்கிறேன். காலையில் கைபேசியை எடுத்தால், யார் யாரோ அனுப்பிய காணொளிகளைப் பார்த்தே மதியம் ஆகிவிடுகிறது. என்ன பார்த்தேன் என்று கேட்டால் சொல்லத் தெரியவில்லை. பொழுதும் போக வேண்டும், நாலு விஷயம் தெரிந்துகொள்ளவும் வேண்டும், சந்தேகம் வந்தால் நம்பிப் பார்க்க ஓர் இடமும் வேண்டும். அப்படிப்பட்ட இணையதளங்கள் சிலவற்றைச் சொல்லுங்களேன்.

இன்னும் இரண்டு கேள்விகள். எங்கள் வீட்டுக்குப் பின்னால் வயல். கொஞ்ச நாளாக இரவில் ஒரு பறவை கத்திக்கொண்டே வீட்டுக்கு மேலே பறந்து போகிறது. வீட்டில் அபசகுனம் என்கிறார்கள். அது என்ன பறவை? கைபேசிக் கோபுரங்களால் சிட்டுக்குருவி இனமே அழிந்துவிட்டது என்று ஒரு செய்தி சுற்றுகிறதே, அது உண்மையா?

எஸ்., கும்பகோணம்

*

அன்புள்ள எஸ்.,

நூறு தளங்களின் பட்டியல் கேட்டிருந்தால் கொடுத்திருக்க மாட்டேன். பட்டியல்களைப் பத்திரப்படுத்தி வைப்போம், திறந்து பார்க்க மாட்டோம். நீங்கள் இரண்டு கேள்விகளையும் சேர்த்து அனுப்பியிருக்கிறீர்கள். அவற்றுக்கு விடை தேடும் வழியிலேயே நான் சொல்ல விரும்பும் தளங்கள் சில வந்துவிடுகின்றன.

வயலோரம், இரவு, பறந்தபடியே கத்துகிறது என்றால் எனக்குத் தோன்றுபவை இரண்டு. ஒன்று சிவப்புமூக்கு ஆள்காட்டி. தரையில் முட்டையிடும் பறவை. நாயோ மனிதனோ அந்தப் பக்கம் வந்தால் இரவென்றும் பாராமல் எழுந்து வட்டமிட்டுக் கத்தும். மற்றது கூகை என்ற ஆந்தை. இரண்டில் எது என்று நான் இங்கிருந்து சொல்வதைவிட நீங்களே கேட்டு முடிவுசெய்வது நல்லது. அதற்கான இடம் ஸீனோ-காண்டோ. 2005-இல் நெதர்லாந்தில் தொடங்கிய தளம் இது. உலகெங்கும் பறவை ஆர்வலர்கள் தாங்கள் பதிவுசெய்த குரல்களை இங்கே சேர்த்துவைக்கிறார்கள். யார் வேண்டுமானாலும் கேட்கலாம், கட்டணம் இல்லை.

பறவையின் ஆங்கிலப் பெயரையோ அறிவியல் பெயரையோ கொடுத்துத் தேடினால், ஒவ்வொரு பதிவும் ஒரு வரிசையாக வரும். பதிவுசெய்தவர் யார், எந்த ஊர், என்ன தேதி, எத்தனை மணி, பறவை பாடியதா அல்லது எச்சரிக்கைக் குரல் கொடுத்ததா என்பதெல்லாம் அந்த வரிசையில் இருக்கும். ஒலித் தரத்துக்கு ‘ஏ’ முதல் ‘ஈ’ வரை ஆங்கில எழுத்தில் மதிப்பெண் உண்டு. அருகிலேயே அந்தக் குரலின் படம் இருக்கும். இடமிருந்து வலமாக நேரம் நகரும், குரல் உயர உயரக் கோடும் மேலே ஏறும். ஆள்காட்டியின் குரலில் சிறு சிறு கோடுகள் கொத்துக் கொத்தாகத் திரும்பத் திரும்ப வரும். கூகையின் நீண்ட கீச்சொலி படத்தில் தீற்றலாகப் பரவியிருக்கும். இரண்டையும் வீட்டில் உள்ளவர்களைக் கூட்டிவைத்துக் கேளுங்கள். கூகையாகவே இருந்தாலும் அஞ்ச வேண்டியதில்லை. அது வயலில் எலி பிடிக்க வருகிறது. அது வந்து உட்காரட்டும் என்றே டெல்டா விவசாயிகள் வயலில் குச்சி நட்டுவைக்கிறார்கள்.

சிட்டுக்குருவிக்கு வருகிறேன். அந்தச் செய்தியை நம்பாதீர்கள். இந்தியப் பறவைகளின் நிலை குறித்து 2020-இல் வெளியான அறிக்கை, நாடு முழுவதையும் சேர்த்துப் பார்த்தால் கடந்த 25 ஆண்டுகளில் சிட்டுக்குருவிகளின் எண்ணிக்கை பெரும்பாலும் நிலையாக இருப்பதாகவே சொன்னது. சென்னை உள்ளிட்ட ஆறு பெருநகரங்களில் குறைந்துவந்தது உண்மை. ஆனால் கோபுரக் கதிர்வீச்சுதான் காரணம் என்பதற்குச் சான்று இல்லை. குஞ்சுகளுக்குப் பூச்சி கிடைக்காததும், கூடு கட்டப் பொந்தும் இடுக்கும் இல்லாத வீடுகளை நாம் கட்டுவதும்தான் அதிகம் சந்தேகிக்கப்படும் காரணங்கள்.

இதைச் சொல்லும் துணிவு அந்த அறிக்கைக்கு எங்கிருந்து வந்தது? பறவை பார்ப்பவர்கள் தாங்கள் கண்டதைப் பதிவுசெய்யும் ஈபேர்ட் என்ற தளத்திலிருந்து. அமெரிக்காவின் கார்னெல் பறவையியல் ஆய்வகம் 2002-இல் தொடங்கிய தளம் அது. 2023-இல் வந்த அடுத்த அறிக்கை, சுமார் 30,000 பேர் பதிவுசெய்த 3 கோடிக்கும் மேற்பட்ட பார்வைக் குறிப்புகளை வைத்து 942 பறவையினங்களை மதிப்பிட்டது. அந்த 30,000 பேரில் பெரும்பாலோர் விஞ்ஞானிகள் அல்லர். மொட்டைமாடியிலும் குளக்கரையிலும் நின்று எழுதியவர்கள்.

அந்தத் தளத்தில் எனக்கு மிகவும் பிடித்தது அது கேட்கும் ஒரு கேள்வி. இடம், தொடங்கிய நேரம், எவ்வளவு நேரம் நின்றீர்கள், எத்தனை காகம், எத்தனை மைனா என்றெல்லாம் நிரப்பிய பிறகு, ‘நீங்கள் அடையாளம் கண்ட எல்லாப் பறவைகளையும் எழுதிவிட்டீர்களா?’ என்று கேட்கும். ஆம் என்று சொன்னால்தான் பட்டியல் முழுமை பெறும். முழுமையான பட்டியலில் சிட்டுக்குருவி இல்லையென்றால், அன்று அங்கே அது கண்ணில் படவில்லை என்பதும் ஒரு தகவலாகிவிடுகிறது. ஓர் இனம் குறைகிறதா என்று கணிக்க இந்த இல்லாமையின் கணக்கு இன்றியமையாதது. அந்த ஊரில் வழக்கமில்லாத பறவையையோ நம்ப முடியாத எண்ணிக்கையையோ எழுதினால், அந்தப் பகுதியைக் கவனிக்கும் தன்னார்வலர் ஒருவர் விவரம் கேட்டுக் கடிதம் எழுதுவார். உங்களுக்கு வந்த சிட்டுக்குருவிச் செய்தியை அனுப்பியவரிடம் அப்படி யாராவது கேட்டார்களா? ஜனவரியில் பொங்கலையொட்டித் தமிழ்நாட்டில் பறவைக் கணக்கெடுப்பு நடக்கும். நின்ற இடத்தில் பதினைந்து நிமிடம் பார்த்து எழுதினால் போதும், நீங்களும் சேர்ந்துகொள்ளுங்கள்.

பொழுதுபோக்குக்கு ஒன்று: ஹெவன்ஸ் அபவ். உங்கள் ஊரைக் குறித்துக் கொடுத்தால், சர்வதேச விண்வெளி நிலையம் எந்த நாளில், எத்தனை மணி எத்தனை நிமிடத்துக்கு, எந்தத் திசையில் எழுந்து எவ்வளவு உயரம் ஏறி எங்கே மறையும் என்று அட்டவணை போட்டுத் தரும். ஏறத்தாழ 400 கிலோமீட்டர் உயரத்தில் ஒன்றரை மணி நேரத்துக்கு ஒருமுறை பூமியைச் சுற்றும் அந்த நிலையம், அந்தி சாய்ந்த பிறகோ விடிவதற்கு முன்போதான் நம் கண்ணுக்குப் படும். நமக்கு இருட்டியிருக்கும், அதன் மீது மட்டும் வெயில் அடித்துக்கொண்டிருக்கும். ஒளி அளவு என்ற கட்டத்தில் கழித்தல் குறியோடு பெரிய எண் இருக்கும் நாளைத் தேர்ந்தெடுங்கள். கண் சிமிட்டாத ஒரு வெளிச்சம் சத்தமே இல்லாமல் வானத்தைக் கடந்து போகும். சில நாட்களில் பாதி வானத்திலேயே மங்கி அணைந்துவிடும். பூமியின் நிழலுக்குள் அது நுழையும் கணம் அது, அந்த நேரத்தையும் அட்டவணை முன்கூட்டியே சொல்லியிருக்கும். பேரப்பிள்ளைகள் இருந்தால் மாடிக்கு அழைத்துப் போங்கள்.

சதுரங்கம் ஆடுவீர்கள் என்றால் லிசெஸ். விளம்பரம் கிடையாது, கட்டணம் கிடையாது, நன்கொடையில் நடக்கிறது. அவ்வளவு போதும்.

நம்பிப் பார்க்க ஓர் இடம் கேட்டீர்கள். சொற்களுக்குச் சிகாகோ பல்கலைக்கழகத்தின் தெற்காசிய அகராதிகள் தளம். சென்னைப் பல்கலைக்கழகம் 1924 முதல் 1936 வரை ஆறு தொகுதிகளாக வெளியிட்ட தமிழ்ப் பேரகராதி முழுவதும் அதில் தேடக் கிடைக்கிறது. ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட சொற்கள். பொருளோடு, அந்தச் சொல் எந்த நூலில் எந்த இடத்தில் ஆளப்பட்டது என்ற குறிப்பும் பல சொற்களுக்கு உண்டு. அந்த நூல் கையில் இல்லையென்றால் மதுரைத் திட்டம் என்ற மின்னூல் தளத்துக்குப் போங்கள். 1998 பொங்கல் நாளில் தொடங்கியது. சுவிட்சர்லாந்தில் வாழும் வேதியியலாளர் கு. கல்யாணசுந்தரத்தின் முன்முயற்சியில், பல நாடுகளில் இருக்கும் தமிழர்கள் தட்டச்சு செய்து ஏற்றிய நூல்கள் அங்கே இருக்கின்றன. எந்த நூலைத் திறந்தாலும் முதலில் தட்டச்சு செய்தவர், பிழை திருத்தியவர் பெயரைப் படித்துவிட்டுத்தான் நூலுக்குள் போவேன். நீங்களும் அப்படிச் செய்யுங்கள்.

ஈழத்து எழுத்துகளுக்கு 2005-இல் தொடங்கிய நூலகம் தளம். யாழ்ப்பாணப் பொது நூலகம் 1981-இல் எரிந்தபோது ஏறக்குறைய 97,000 நூல்கள் போயின. அப்படி ஓர் இழப்பைக் கண்ட சமூகம் எதையும் சிறிதென்று ஒதுக்கவில்லை என்பதை அந்தத் தளத்தில் காணலாம். நாவல், செய்தித்தாள் மட்டுமல்ல, பள்ளி ஆண்டு மலர், கோயில் கும்பாபிஷேக மலர், இறந்தவர் நினைவாக வீட்டார் அச்சிட்ட சிறு வெளியீடு வரை பக்கம் பக்கமாக வருடியெடுத்து வைத்திருக்கிறார்கள். ஓர் ஊரின் வரலாற்றை எழுத நினைப்பவருக்கு அந்த நினைவு மலர்கள் பெரும் புதையல்.

இவற்றில் எதுவும் உங்களைப் பிடித்து உட்கார வைக்காது. தேடியது கிடைத்ததும் எழுந்து மாடிக்கோ வயலுக்கோ போய்விடலாம். நான் இவற்றைத் தேர்ந்தெடுத்ததற்கு முதல் காரணம் அது. இரண்டாவது காரணம், இவற்றில் பலவற்றில் நமக்கும் வேலை இருக்கிறது.

வங்கியில் இருந்தவர் நீங்கள். உங்களுக்கென்றே ஒரு வேலை சொல்கிறேன். நூல்களை எழுத்து வடிவில் சேர்த்துவைக்கும் தமிழ் விக்கிமூலம் என்ற தளத்தில் நாட்டுடைமையாக்கப்பட்ட நூல்கள் பல ஏற்றப்பட்டிருக்கின்றன. பக்கத்தின் படம் ஒரு பக்கம், கணினி படித்தெடுத்த எழுத்து மறுபக்கம். யாரும் தொடாத பக்கம் சிவப்பு. ஒருவர் படத்தோடு ஒப்பிட்டுத் திருத்தியது மஞ்சள். அதை இன்னொருவர் மீண்டும் சரிபார்த்தால்தான் பச்சை. மஞ்சள் போட்டவரே பச்சை போட முடியாது. ஒருவர் எழுதிய பதிவை இன்னொருவர் சரிபார்த்துக் கையெழுத்திடுவது உங்களுக்குப் பழகிய முறைதானே? கணக்குத் தொடங்கி, மஞ்சளாக நிற்கும் பக்கம் ஒன்றைத் திறந்துகொள்ளுங்கள். ‘ர’வுக்கும் காலுக்கும், ஒற்றைக் கொம்புக்கும் இரட்டைக் கொம்புக்கும் கணினி அடிக்கடி தடுமாறும், அங்கே மட்டும் கண்ணைக் கூடுதலாக ஊன்றுங்கள்.