பழைய கடை பிஎஃப்: எடுக்காதீர்கள், மாற்றுங்கள்

வணக்கம் அண்ணா. வயது 54, சம்பளம் 15,000, பழைய ஜவுளிக்கடையில் 6 வருடம், இப்போதைய கடையில் 5 வருட பிஎஃப், கையில் 3 லட்சம் என்று எழுதியிருக்கிறீர்கள். பழைய கடைக் கணக்கில் இருக்கும் பென்ஷன் பணத்தை 10சி படிவம் கொடுத்து எடுத்துவிடலாமா என்கிறீர்கள். தயவுசெய்து எடுக்காதீர்கள்.

எடுத்தால் அந்த 6 வருட சர்வீஸும் போய்விடும். 58 வயதில் உங்களுக்கு மிஞ்சுவது 9 வருடம்தான். மாதப் பென்ஷனுக்குக் குறைந்தது 10 வருடம் வேண்டும். எடுக்காமல் பழைய கணக்கை இப்போதைய கணக்கோடு ஆன்லைனில் மாற்றிச் சேர்த்தால் 15 வருடம் ஆகிறது. பிஎஃப் பென்ஷன் கணக்கிடும் முறைப்படி, சம்பளம் 15,000-ஐ 15 வருடத்தால் பெருக்கி 70-ஆல் வகுத்தால் மாதம் சுமார் 3,214 ரூபாய். சிறிய தொகைதான், ஆனால் ஆயுள் முழுக்க வரும். உங்களுக்குப் பிறகு அண்ணிக்கும் ஒரு பங்கு உண்டு.

பிஎஃப் பாஸ்புக்கைத் திறந்து பென்ஷன் என்ற பத்தியில் மாதாமாதம் 1,250 ஏறியிருக்கிறதா என்று பாருங்கள். ஏதாவது மாதம் விடுபட்டிருந்தால் வேலையில் இருக்கும்போதே கேட்டுவிடுங்கள். வெளியே வந்தபின் அலைச்சல் அதிகம்.

அடல் பென்ஷன் என்ற அரசுத் திட்டத்தில் சேர 40 வயது வரம்பு, அதை விடுங்கள். அந்த 3 லட்சத்தை ஏஜென்ட் சொல்லும் நீண்டகால பாலிசியில் முடக்க வேண்டாம். ஆஸ்பத்திரிச் செலவுக்கு ஒரு பகுதியைத் தனியாக வைத்து, மீதியை வங்கி டெபாசிட்டில் போடுங்கள். அப்புறம் 60 வயதானதும் தபால் நிலையத்தில் மூத்த குடிமக்கள் சேமிப்புத் திட்டத்துக்கு மாற்றிக்கொள்ளலாம். வட்டி மூன்று மாதத்துக்கு ஒருமுறை கைக்கு வரும்.

பழைய கடையின் பிஎஃப் எண்ணும் உங்கள் யுஏஎன்-இல்தான் (வேலை மாறினாலும் மாறாத உங்கள் பொது பிஎஃப் எண்) இருக்கிறதா? பார்த்துச் சொல்லுங்கள், அடுத்த படியை எழுதுகிறேன்.