செஷன் வாசிப்பு: அன்றைய காசோடு கணக்கு முடிந்துவிடுகிறதா?

லண்டனிலிருந்து ஒரு வாசகர் கேட்கிறார்: "எனக்கு 27 வயது. பேஸ் கிதார் வாசிக்கிறேன். இரண்டு வருடமாக சோல், ஃபங்க் பாடகர்களின் ரெக்கார்டிங்குக்குக் கூப்பிடுகிறார்கள். அன்றைக்கே காசு கைக்கு வந்துவிடுகிறது. இதையே நம்பிப் பிழைக்க முடியுமா?"

இப்படிக் கூலிக்கு அடுத்தவர் ரெக்கார்டிங்கில் வாசிக்கும் 'செஷன்' வேலையை நம்பிப் பிழைக்கலாம். ஆனால் ஸ்டூடியோவை விட்டுக் கிளம்பும் முன் உங்கள் பெயர் பதிவானதா என்று பார்க்கும் பழக்கம் வேண்டும். வாசிப்பில் எவ்வளவு பெரிய ஆளாக இருந்தாலும் இது இல்லாவிட்டால் கஷ்டம்தான்.

அமெரிக்காவின் டெட்ராய்ட் நகரத்து பேஸ் கலைஞர் ஜேம்ஸ் ஜேமர்சனை உங்களுக்குத் தெரிந்திருக்கும். 1960-களில் மோடவுன் இசைத்தட்டுக் கம்பெனியின் ஏராளமான ஹிட் பாடல்களில் கேட்பது அவருடைய பேஸ். வலது கையின் ஆள்காட்டி விரல் ஒன்றாலேயே மீட்டுவார். பல நேரம் அவர் முன்னால் கோர்டு (சேர்ந்து ஒலிக்கும் ஸ்வரக் கூட்டு) எழுதிய தாள் மட்டும்தான் இருக்கும். எந்த ஸ்வரம், எங்கே தாவல், எங்கே மௌனம் என்பதெல்லாம் அவரே அந்த இடத்தில் கண்டுபிடித்தவை. அப்படியிருந்தும் ஆல்பம் அட்டையில் பெயர் கிடையாது. 1971-இல் பாடகர் மார்வின் கேயின் ஆல்பத்தில்தான் மோடவுன் தன் வாத்தியக்காரர்களின் பெயர்களை அச்சிட்டது. அடுத்த வருடமே கம்பெனி லாஸ் ஏஞ்சல்ஸுக்கு இடம் மாறிவிட்டது. 1983-இல், 47 வயதில் அவர் இறந்தபோது இசைக்காரர்களுக்கு வெளியே அவரை அறிந்தவர்கள் சொற்பம்.

டிரம்மர் கிளைட் ஸ்டபிள்ஃபீல்டின் கதை இன்னும் வலிக்கும். பாடகர் ஜேம்ஸ் பிரவுனுக்காக அவர் 1969-இல் வாசித்த 'ஃபங்கி டிரம்மர்' பாடலின் சில நொடித் தாளத்தை ஹிப்ஹாப்காரர்கள் எத்தனையோ பாடல்களில் வெட்டி ஒட்டினார்கள். உரிமைப் பணம் கொடுத்தவர்களும் பாடலாசிரியருக்கும் ஒலிப்பதிவின் உரிமையாளருக்கும்தான் கொடுத்தார்கள். ஸ்டபிள்ஃபீல்ட் அந்த இரண்டிலும் இல்லை.

நீங்கள் இருப்பது பிரிட்டனில். அங்கே சட்டம் உங்களுக்கு ஓரளவு துணை நிற்கிறது. வெளியான ஒலிப்பதிவு ரேடியோவிலோ கடையிலோ பப்பிலோ ஒலித்தால், அதில் வாசித்தவருக்கும் ஒரு பங்கு உண்டு. பி.பி.எல். என்ற அமைப்பு அதை வசூலித்துப் பிரிக்கிறது. "எல்லா உரிமையையும் கொடுத்துவிட்டேன்" என்று நீங்கள் கையெழுத்துப் போட்டிருந்தாலும் இந்தப் பங்கு போகாது. வசூல் அமைப்பைத் தவிர யாருக்கும் இதை எழுதிக்கொடுக்கவே முடியாது. நிறையப் பேருக்கு இது தெரியாமல் இருப்பதுதான் எனக்கு ஆதங்கம்.

ஸ்பாட்டிஃபை போல, கேட்பவர் விரும்பிய பாட்டை விரும்பிய நேரத்தில் போட்டுக்கொள்ளும் சேவைகள் இந்தக் கணக்கில் வராது. அந்த உரிமையை எழுதி வாங்கிக்கொள்ள முடியும், பெரும்பாலும் வாங்கிவிடுவார்கள். அதனால் செஷன் சம்பளம் பேசும்போதே அதையும் மனதில் வைத்துப் பேசுங்கள். மியூசிஷியன்ஸ் யூனியனில் சேர்ந்தால் குறைந்தபட்சக் கட்டண விவரமும், ஒப்பந்தத்தைப் படித்துச் சொல்ல ஆளும் கிடைக்கும்.

பாட்டின் அடையாளமே நீங்கள் உருவாக்கிய பேஸ் வரி என்றால் விஷயம் வேறு. பாபி வாலன்டினோ என்ற செஷன் வயலின் கலைஞர் 1984-இல் வெளியான ஒரு பாடலுக்கு வாசித்தார். 1993-இல் ஒரு கார் விளம்பரம் வழியாக அது பிரிட்டனில் முதலிடம் பிடித்தது. அவர் வழக்குப் போட்டார். அந்த வயலின் பகுதிக்காக அவரும் பாடலின் ஆசிரியர்களில் ஒருவர் என்று நீதிமன்றம் தீர்ப்பளித்தது. ஆனால் அதற்குப் பல வருடம் ஆனது, கோர்ட்டுச் செலவும் இருக்கிறது. அன்றைக்கே "இதில் எனக்குப் பங்கு உண்டா?" என்று கேட்டு, பதிலை மின்னஞ்சலில் வாங்கிவிடுவது எவ்வளவோ மேல். கேட்பதில் கூச்சமே வேண்டாம்.

வாசிப்பைப் பற்றி உங்களுக்கு நான் அதிகம் சொல்ல வேண்டியதில்லை, திரும்பத் திரும்பக் கூப்பிடுகிறார்களே. நோட்டேஷன் படிக்கப் பழகியிருந்தால் இன்னும் நாலு கதவு திறக்கும். அப்புறம், சோல் வாசிப்பில் ஸ்வரத்தை எப்போது தொடுகிறோம் என்பது எவ்வளவு முக்கியமோ, எப்போது விடுகிறோம் என்பதும் அவ்வளவு முக்கியம். காலால் அடிக்கும் கிக் டிரம்மோடு சேர்ந்து விடப் பழகுங்கள்.

இப்போது அவசர வேலை ஒன்று இருக்கிறது. இந்த இரண்டு வருடத்தில் வாசித்த பாடல்களையெல்லாம் பட்டியல் போடுங்கள்: பாடல், பாடகர், தேதி, ஸ்டூடியோ. ஒவ்வொன்றின் ஐ.எஸ்.ஆர்.சி. எண்ணையும் (ஒவ்வொரு ஒலிப்பதிவுக்கும் உள்ள தனி அடையாள எண்) தயாரிப்பாளரிடம் கேட்டு வாங்குங்கள். பி.பி.எல்.-இல் சேரக் கட்டணம் இல்லை. சேர்ந்ததும் எந்தெந்தப் பதிவில் உங்கள் பெயர் விட்டுப்போயிருக்கிறது என்று பார்த்து, நீங்கள்தான் வாசித்தீர்கள் என்பதற்கான மின்னஞ்சலையோ ரசீதையோ இணைத்துக் கோருங்கள். பழைய பாக்கியைக் கேட்கக் காலவரம்பு உண்டு, தள்ளிப்போடாதீர்கள்.