பாட்டி சொன்ன பச்சை
(பழைய வண்டி: வாசகர் கேள்வி, பதில்)

கேள்வி: ஐயா, என் தாத்தா எஸ்டேட் துரையிடம் டிரைவராக இருந்தவர். துரை ஊருக்குத் திரும்பும்போது தாத்தாவுக்குக் கொடுத்துவிட்டுப் போன நாலு கதவு மோரிஸ் மைனர் எங்கள் ஷெட்டில் நிற்கிறது. இப்போது சிவப்பு, ஆர்.சி. புக்கிலும் சிவப்புதான். பாட்டி மட்டும் "அது பச்சை வண்டிடா" என்கிறார். பானெட்டுக்குள் உள்ள தகட்டில் 'எஃப்.ஏ.இ. 21' என்று தொடங்கும் எண் இருக்கிறது. உள்ளே ஹீட்டர் இருக்கிறது. அது கம்பெனியிலேயே வைத்ததா? அடுத்த வாரம் பெயிண்டுக்கு விடுகிறோம்.
*வாசகர், நாகலூர், ஏற்காடு*

பதில்: அடுத்த வாரம் விடாதீர்கள் தம்பி. பாட்டி சொல்வதுதான் சரி, அந்தத் தகடே சாட்சி.

1952-க்குப் பிறகு சில வருடங்கள் மைனர்களுக்கு இப்படித்தான் எண் போட்டார்கள். 'எஃப்' என்றால் மைனர். 'ஏ' நாலு கதவு சலூன். 'பி' என்றிருந்தால் இரண்டு கதவு. மூன்றாவது எழுத்துதான் நிறம்: 'ஏ' கறுப்பு, 'சி' சிவப்பு, 'டி' நீலம், 'இ' பச்சை. அடுத்து வரும் 2, வலது பக்க ஸ்டியரிங்கோடு வெளிநாட்டுக்கு அனுப்பிய வண்டி என்பதற்கு. பாகங்களாக வந்து இங்கே பூட்டிய வண்டியாக இருந்தால் அங்கே 5 இருக்கும். கடைசி 1, பெயிண்ட் சிந்தெடிக் என்கிறது. உங்கள் வண்டி இங்கிலாந்திலேயே பச்சை பூசி, முழு வண்டியாகக் கப்பலேறி வந்திருக்கிறது.

எந்தப் பச்சை என்பதைத் தகடு சொல்லாது, வண்டியிடம்தான் கேட்க வேண்டும். டேஷ்போர்டுக்கு அடியிலும், கதவு அட்டையைக் கழற்றி அதன் உள்பக்கமும் பாருங்கள். மறு பெயிண்ட் அடிப்பவர்களின் ஸ்ப்ரே கன் அங்கெல்லாம் போகாது. வெளியே ஓர் ஓரத்தில் ரூபாய் நாணய அளவுக்கு வாட்டர் பேப்பரால் மெல்லத் தேய்த்தால் சிவப்பு, அதன் கீழ் வேறு ஏதாவது, பிறகு பச்சை, பிரைமர் என்று வளையம் வளையமாகத் தெரியும். அந்தப் பச்சையைப் பகல் வெளிச்சத்தில் போட்டோ எடுத்து வையுங்கள்.

நான் இதைச் செய்யாமல் விட்டவன். என் ஸ்டாண்டர்டு ஹெரால்டைச் சேலத்தில் ஒரு பட்டறையில் விட்டேன். தகட்டின் ரிவெட்டை உடைத்து எடுத்தவர்கள் திருப்பி அடிக்கவில்லை. பழைய பெயிண்டையும் தகரம் தெரியும்வரை சுரண்டிவிட்டார்கள். அந்த வண்டி என்ன நிறத்தில் பிறந்தது என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. அந்த வருத்தம் உங்களுக்கு வேண்டாம். தகட்டைக் கழற்றவே சொல்லாதீர்கள்; மாஸ்கிங் டேப் ஒட்டி அடிக்கச் சொல்லுங்கள்.

இன்ஜினையும் பாருங்கள். முன் கண்ணாடி நடுவே பிரிந்து இரண்டு துண்டாக இருந்தால் வண்டி 1956 கடைசிக்கு முந்தியது. அந்த நாலு கதவு வண்டிக்கு 803 சி.சி. இன்ஜின் இருந்தால், அதன் எண் 'ஏ.பி.ஹெச்.எம்.' என்று தொடங்கும். ஆர்.சி. புக்கோடு ஒப்பிடுங்கள்.

ஹீட்டருக்கு வருவோம். மார்கழிப் பனியில் 20 கொண்டை ஊசி வளைவும் ஏறிய துரை அதைக் கேட்டு வாங்கியிருந்தால் ஆச்சரியமில்லை. ஆனால் தகட்டு எண்ணில் ஹீட்டருக்கு இடமில்லை. கம்பெனியில் வைத்ததா, விற்ற கடையில் பூட்டியதா என்பது தொழிற்சாலைப் பேரேட்டில் இருந்தால்தான் உண்டு. அந்தக் காலப் பேரேடுகள் பலவும் இங்கிலாந்தில் கேடன் என்ற ஊரில் உள்ள பிரிட்டிஷ் மோட்டார் மியூசியத்தில் இருக்கின்றன. கட்டணம் கட்டினால் தேடிச் சான்றிதழ் தருவார்கள். உங்கள் எண்ணுக்கான பேரேடு இருக்கிறதா என்று முதலில் எழுதிக் கேளுங்கள், பணம் பிறகு.

பச்சைக்கு மாற்றினால் ஆர்.சி.யிலும் மாற்ற வேண்டும். ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் கேட்டுவிட்டு அடியுங்கள்.

கேள்வி: என் 1968 அம்பாசிடருக்கு, பழங்கால (விண்டேஜ்) வண்டிகளுக்குத் தரும் 'வி.ஏ.' நம்பர் வாங்கலாமா?
*வாசகர், அம்மாபேட்டை, சேலம்*

பதில்: முதல் பதிவு முடிந்து 50 வருடம் தாண்டியிருப்பதால் 2021 விதிப்படி விண்ணப்பிக்கலாம். சேஸிஸ், பாடி, இன்ஜின் பெரிதாக மாறியிருக்கக் கூடாது. டீசல் இன்ஜின் ஏற்றியிருந்தால் சிக்கல்தான். புதுப் பதிவுக்கு 20,000 ரூபாய், 10 வருடம் செல்லும். கண்காட்சி, ராலி, பெட்ரோல், பராமரிப்பு இவற்றுக்குத்தான் ஓட்டலாம். தினம் ஐந்து ரோட்டுக்குக் காய்கறி வாங்கப் போகிற வண்டி என்றால் இப்போதுள்ள பதிவையே புதுப்பித்து வைத்துக்கொள்ளுங்கள்.