தண்ணீர் தெளிகிற மாதம்

அன்புள்ள ஐயா,

மார்கழிப் பனியில் நாலு மணிக்கே கிளம்பிப் போய், ஆற்றங்கரையில் ஆறு மணி நேரம் உட்கார்ந்து, ஒரே ஒரு கெளுத்தியோடு வீடு திரும்பியதை எழுதியிருந்தீர்கள். வாசித்துச் சிரித்தேன், அப்புறம் கொஞ்சம் பொறாமையாக இருந்தது. நான் குளித்தலைக்காரன். பள்ளிக்கூட நாட்களில் காவிரியில் தூண்டில் போட்டவன். பெங்களூர் வந்து 11 வருடம் ஆகிறது, இங்கே தூண்டிலைத் தொட்டதே இல்லை. உங்கள் கட்டுரையை மனைவிக்கு வாசித்துக் காட்டினேன். "மீன் வேணும்னா ரசல் மார்க்கெட்டுல வாங்கிட்டுப் போறது. இதுல என்ன சுகம்?" என்றாள். எனக்குப் பதில் சொல்ல வரவில்லை. நீங்கள் சொல்லுங்கள். அப்படியே, எந்த மாதம் போனால் மீன் நன்றாகக் கடிக்கும் என்பதையும்.

க., ஒயிட்ஃபீல்டு

அன்புள்ள க.,

உங்கள் மனைவி கேட்டது நியாயம். பெட்ரோலையும் சேர்த்துக் கணக்குப் போட்டால் அந்தக் கெளுத்தி ரசல் மார்க்கெட் வஞ்சிரத்தைவிட விலை அதிகம். என் வீட்டிலும் இந்தக் கணக்கு அவ்வப்போது வரும்.

மாதத்தை முதலில் சொல்லிவிடுகிறேன், அது சுலபம். புரட்டாசி பிற்பாதியிலிருந்து கார்த்திகை வரை.

குளித்தலையில் உங்களுக்கு ஆற்றின் வருடம் மேட்டூரில் தொடங்கும். ஜூன் 12 அன்று திறந்தார்களா இல்லையா என்பதுதான் ஊர்ப்பேச்சு. மேலே இங்கே வேறு மாதிரி. நான் வழக்கமாகப் போவது டி.நரசீபுரத்துக்குக் கீழே. அந்த 'டி' என்பது திருமகூடலு, நம்முடைய கூடல்தான். கபினி வந்து காவிரியில் சேருகிற ஊர். கபினி அணையின் கொள்ளளவு 19.5 டி.எம்.சி.தான், வயநாட்டில் மழை பிடித்தால் சீக்கிரம் நிரம்பிவிடும். காவிரியில் மேலே இருக்கிற கே.ஆர்.எஸ். அணைக்கு 49 வேண்டும். அதனால் சில வருடம் கபினி செம்மண் குழம்பாக வரும்போது காவிரி இன்னும் பச்சையாகவே கிடக்கும். சேர்ந்த பிறகும் கொஞ்ச தூரம் இரண்டுக்கும் நடுவே ஒரு கோடு தெரியும். அந்தக் கோட்டைப் பார்க்கவென்றே ஒருமுறை தூண்டில் இல்லாமல் போயிருக்கிறேன்.

ஆடி முழுக்கத் தூண்டில் பரணில். அணையைத் திறந்துவிட்டால் நாம் உட்கார்ந்திருக்கும் பாறை பார்த்துக்கொண்டிருக்கும்போதே முழுகிவிடும். வீரம் காட்டுகிற இடமில்லை. தவிர, கெண்டைகள் சினையோடு எதிர்நீரில் ஏறுகிற சமயம் அது. கலங்கலில் கடிப்பது கெளுத்திதான். அதற்குக் கண் வேண்டியதில்லை, மீசையாலேயே இரையைக் கண்டுபிடித்துவிடும்.

பிறகு தண்ணீர் தெளியத் தொடங்கும். நான் வருடம் முழுக்கக் காத்திருப்பது இதற்குத்தான். முதலில் டீக்கடைப் பால் டீ. பத்து நாள் கழித்துப் போனால் பால் விடாத டீ. அப்புறம் ஒருநாள் முழங்கால் தண்ணீரில் நின்றால் கால்விரல் தெரியும். என் கணக்கில் அன்றுதான் வருடப்பிறப்பு. கரையோரத்துப் புல்லெல்லாம் ஒரே பக்கமாகப் படுத்திருக்கும். தலைக்கு மேலே மரக்கிளையில் வைக்கோலும் பிளாஸ்டிக் பையும் தொங்கும். தண்ணீர் அவ்வளவு உயரம் வந்து போயிருக்கிறது. போன வருடம் உட்கார்ந்த மணல்திட்டு இருக்காது. மடு இருந்த இடம் தூர்ந்திருக்கும், புது மடு எங்கே என்று தேட வேண்டும். ஈயத்தை மட்டும் கட்டிப் போட்டுப் போட்டு ஆழம் பார்ப்பதிலேயே முதல் நாள் போய்விடும். மீன் கிடைக்காத அந்த முதல் நாளை நான் எதற்காகவும் விட்டுக்கொடுக்க மாட்டேன்.

இரை ராகி. களி கிண்டி, ஆறியதும் நெல்லிக்காய் அளவு உருட்டி முள்ளை மூடிவிட வேண்டும். அந்த ஊர்க்காரர்களும் அதைத்தான் சாப்பிடுகிறார்கள், மீனும் அதைத்தான் சாப்பிடுகிறது. தக்கை லேசாகச் சாயும்போதே சுண்டிவிடாதீர்கள், அது ருசி பார்ப்பது. இழுத்துக்கொண்டு நகரும்போது சுண்டுங்கள். இதெல்லாம் உங்கள் கைக்கு மறந்திருக்காது.

மஹ்சீர் என்கிற பெரிய ஆற்று மீனுக்கும் இதே ராகி உருண்டைதான். 1946-ல், விலங்குகளைப் பாடம் செய்கிற மைசூர் வான் இங்கன் குடும்பத்துக்காரர் ஒருவர் கபினியில் பிடித்தது 120 பவுண்டு, ஏறத்தாழ 54 கிலோ. அந்தத் திமில் மஹ்சீருக்கு விஞ்ஞானப் பெயர் உறுதியானது 2018-ல்தான். அதே வருடம் அழிவின் விளிம்பில் இருக்கும் இனம் என்றும் அறிவித்தார்கள். பெயர் சூட்டிய கையோடு ஐ.சி.யூ.வில் சேர்த்த மாதிரி. பீமேஸ்வரி, காலிபோரே பக்கம் முன்பு இதற்கென்றே முகாம்கள் இருந்தன. பிடித்து, படம் எடுத்து, திரும்ப ஆற்றிலேயே விடுவார்கள். அது காவிரி வனவிலங்குச் சரணாலயம், மேகதாது, சங்கமம் பக்கமும் அப்படித்தான். அங்கே தூண்டிலோடு போய் வம்பில் மாட்டாதீர்கள். எனக்கு அந்தப் படம் எடுக்கிற விளையாட்டில் மனம் ஒட்டியதும் இல்லை. குழம்புக்கு ஆகிற சின்னக் கெண்டை, கெளுத்தி போதும். வயிறு சினையாகத் தெரிந்தால் விட்டுவிடுவேன்.

மார்கழியில் மீனுக்குப் பசி மந்தம். தக்கையில் எறும்பு நடந்த மாதிரி ஒரு அசைவு, அவ்வளவுதான். சித்திரையில் தண்ணீர் மடுமடுவாக நிற்கும், நம் நிழல் விழுந்தாலே மீன் ஓடிவிடும். காலை எட்டு மணிக்குள் தூண்டிலைச் சுருட்டிக்கொண்டு எழுந்துவிட வேண்டியதுதான்.

சரி, சுகம். என் அப்பா கோலார் தங்கவயலில் சாம்பியன் ரீஃப் சுரங்கத்தில் வேலை பார்த்தவர். 3 கிலோமீட்டருக்கு மேல் ஆழம் போன சுரங்கம். கீழே சித்திரையும் ஒன்று, மார்கழியும் ஒன்று, எப்போதும் அதே வெக்கை. லீவு நாளில் என்னைச் சைக்கிளில் வைத்துக்கொண்டு பேத்தமங்கலம் ஏரிக்குப் போவார். பாலாற்றுத் தண்ணீர், தங்கவயலுக்குக் குடிக்கவும் அதுதான். தூண்டிலைப் போட்டுவிட்டுத் தக்கையைக்கூடச் சரியாகப் பார்க்க மாட்டார். காற்று திசை மாறிவிட்டது, கோரை பழுத்துவிட்டது, நாரையை இன்னும் காணோம் என்று ஏதாவது சொல்லிக்கொண்டிருப்பார். எனக்கு எரிச்சலாக வரும். மீன் எங்கே?

அப்புறம் நானே இந்தப் பெங்களூரில் முப்பது வருடம் ஏசி ஆபீஸில் உட்கார்ந்தேன். பன்னிரண்டு மாதமும் 24 டிகிரி. திறக்க முடியாத ஜன்னல். வெளியே மழை பெய்தது என்பதே சாயங்காலம் டிராஃபிக்கைப் பார்த்துத்தான் தெரியும். அப்போதுதான் ஒரு மூங்கில் கழி வாங்கினேன். உங்கள் ஆபீஸ் எப்படி என்று எனக்குத் தெரியாது. மனைவியிடம் அதைச் சொல்லிப் பாருங்கள்.

ஐப்பசியில் ஒரு ஞாயிறு இரண்டு பேருமே வாருங்கள். வெள்ளைச் சட்டை வேண்டாம். அங்கே பரிசலில் வலை விடுகிறவர்களிடம் ஒரு வார்த்தை கேட்டுவிட்டுத்தான் உட்கார வேண்டும், ஆறு முதலில் அவர்களுடையது. ராகி மாவு என் பொறுப்பு. மண்புழு உங்கள் பொறுப்பு, ஒயிட்ஃபீல்டில் தோண்டுவதற்கு எங்கேயாவது மண் மிச்சமிருந்தால்.