மிக்சர் ஒலியை லேப்டாப்பில் பதிவது: வாசகர் கேள்வி – பதில்

கே: மிக்சரிலிருந்து வரும் 3.5 மி.மீ. ஸ்டீரியோ பின்னை லேப்டாப்பின் ஹெட்போன் – மைக் ஜாக்கில் செருகினேன். பதிவு ஆகிறது, ஆனால் அறையின் மறுகோடியில் நின்று பேசுவதுபோல் எதிரொலியோடு இருக்கிறது. மிக்சரில் ஃபேடரை (ஒலியைக் கூட்டிக் குறைக்கும் நகர்த்தியை) முழுக்க இறக்கினாலும் பதிவு நிற்கவில்லை. ஏன்?

ப: ஃபேடரை இறக்கியும் நிற்கவில்லை என்பதிலேயே விடை இருக்கிறது. பதிவாவது மிக்சரின் ஒலியே அல்ல. லேப்டாப்புக்குள் இருக்கும் மைக் பிடிக்கும் அறைச் சத்தம். பதிவு ஓடும்போது அந்த மைக் துளையை நகத்தால் லேசாகச் சுரண்டிப் பாருங்கள். பெரிதாகக் கேட்டால் சந்தேகமே வேண்டாம்.

அந்த ஒற்றை ஜாக்குக்குள் 4 தொடுமுனைகள் உண்டு. இப்போதைய லேப்டாப்புகளில் நுனி இடது காதுக்கு, அடுத்தது வலது காதுக்கு, மூன்றாவது எர்த், அடியில் இருப்பது மைக். உங்கள் பின்னில் இருப்பதோ 3 பகுதிகள்தான். அதன் அடிப்பகுதி நீளமாக இருப்பதால் எர்த்தையும் மைக்கையும் சேர்த்துத் தொட்டு ஷார்ட் செய்துவிடுகிறது. வந்திருப்பது வெறும் ஹெட்போன் என்று முடிவுகட்டும் லேப்டாப், தன் சொந்த மைக்கிலேயே பதிவைத் தொடர்கிறது. இது போதாதென்று, மிக்சரின் அவுட்டும் லேப்டாப்பின் ஹெட்போன் அவுட்டும் நேருக்கு நேர் முட்டிக்கொண்டு நிற்கின்றன. முதலில் அதைக் கழற்றுங்கள்.

பழைய லேப்டாப்பிலோ மேசைக் கணினியிலோ நீல நிற ஜாக் இருந்தால் அது லைன் இன், அதாவது மைக்கைவிட வலுவான, மிக்சர் போன்ற கருவிகளின் ஒலிக்கான ஜாக். அங்கே உங்கள் கேபிள் அப்படியே வேலை செய்யும்.

கே: ஹெட்போனையும் மைக்கையும் பிரித்துத் தரும் அடாப்டர் போட்டு, மைக் பக்கத்தில் மிக்சரைக் கொடுத்தேன். ஒலி வருகிறது, ஆனால் ஒரே கரகரப்பு. கணினியில் மைக் லெவலை 5 சதவீதத்துக்கு இறக்கியும் போகவில்லை.

ப: கரகரப்பு உண்டாவது நீங்கள் இறக்கும் இடத்துக்கு முன்னாலேயே. மிக்சரின் மெயின் அவுட், மீட்டர் பூஜ்யத்தில் நிற்கும்போது பொதுவாக ஏறக்குறைய 1.23 வோல்ட் தரும். ஹெட்செட் மைக் தருவது சில மில்லிவோல்ட். அந்தச் சில மில்லிவோல்ட்டுக்காகச் செய்த பெருக்கியில் நூறு மடங்குக்கும் மேலான மின்னழுத்தம் போய் விழுந்தால் அலையின் தலை வெட்டுப்படத்தான் செய்யும். வெட்டுப்பட்ட அலையைப் பிறகு சிறிதாக்கினால் சிறிய வெட்டுப்பட்ட அலைதான் கிடைக்கும்.

ஆடாசிட்டி என்ற ஒலிப்பதிவு மென்பொருளில் அலையைப் பெரிதாக்கிப் பாருங்கள். உச்சிகள் முழு அளவைத் தொட்டுத் தட்டையாகியிருந்தால், டிஜிட்டலாக மாறும் இடத்தில் லெவல் அதிகம். பாதி உயரத்திலேயே மொட்டையாக நின்றால், அதற்கு முன்னால் எங்கோ வெட்டுப்பட்டிருக்கிறது. உங்களுடையது இரண்டாவது வகை.

10 கிலோஓம் தொடராகவும் 100 ஓம் எர்த்துக்கும் போட்டால் லெவல் 40 டெசிபெல், அதாவது நூறில் ஒரு பங்காகக் குறையும். மைக்குக்கென்றே தனி ஜாக் உள்ள கணினியில் இது ஓரளவு ஓடும். 4 முனை ஜாக்கில் அந்த 100 ஓமையே ஷார்ட் என்று எண்ணி மைக்கை ஏற்க மறுக்கும் லேப்டாப்புகள் உண்டு. அதையும் தாண்டி வந்தாலும் கிடைப்பது ஒற்றைச் சேனல்தான். இவ்வளவு பாடுபடுவதற்கு, லைன் இன்புட் உள்ள யுஎஸ்பி ஆடியோ இன்டர்ஃபேஸ் (ஒலியை டிஜிட்டலாக்கி லேப்டாப்புக்குத் தரும் சிறு பெட்டி) ஒன்றை வாங்கிவிடுவதே மேல். வாங்கும்போது ‘லைன் இன், ஸ்டீரியோ’ என்று இருக்கிறதா பாருங்கள். விரல் நீளத்தில் கிடைக்கும் யுஎஸ்பி சவுண்ட் கார்டுகளில் பெரும்பாலானவற்றில் இருப்பது மறுபடியும் ஒற்றை மைக் ஜாக்கே.

கே: இன்டர்ஃபேஸ் வாங்கியாயிற்று. மிக்சரில் மெயின் அவுட், டேப் அவுட், ஆக்ஸ் (தனி மிக்ஸை வெளியே அனுப்பும் அவுட்), ஹெட்போன் என்று பல இருக்கின்றன. எதிலிருந்து எடுப்பது?

ப: இன்டர்ஃபேஸில் ஆர்சிஏ (டிவி, டிவிடி பிளேயர்களில் வரும் சிவப்பு–வெள்ளைப் பின்) இன்புட் இருந்தால், மிக்சரின் டேப் அவுட் அல்லது ரெக் அவுட்டிலிருந்து இரட்டை ஆர்சிஏ கேபிள். அங்கே லெவல் பொதுவாக 0.316 வோல்ட்டை ஒட்டி இருக்கும். ஆர்சிஏ இன்புட்டும் அதையே எதிர்பார்க்கிறது. மெயின் அவுட்டோடு ஒப்பிட்டால் சுமார் 12 டெசிபெல் குறைவு. ஒன்றை மட்டும் சோதித்து வையுங்கள்: மெயின் ஃபேடரை அசைத்தால் டேப் அவுட்டிலும் ஒலி கூடிக் குறைகிறதா? சில மிக்சர்களில் ஆகும், சிலவற்றில் ஆகாது. ஆகும் என்றால், நிகழ்ச்சி நடுவே ஸ்பீக்கர் சத்தத்தைக் குறைக்கும் ஒவ்வொரு முறையும் பதிவும் சேர்ந்து குறையும்.

இன்டர்ஃபேஸில் கால் அங்குல லைன் இன்புட் இருந்தால் மெயின் அவுட்டிலிருந்து 2 பேலன்ஸ்டு கேபிள்கள் (ஒரே ஒலியை நேரும் எதிருமாக இரண்டு ஒயர்களில் கொண்டுபோய் இரைச்சலைத் தவிர்ப்பவை). பெரிய மைக் பின் போகும் எக்ஸ்எல்ஆர் துளை இருக்கிறதே என்று அதில் மட்டும் கொடுத்துவிடாதீர்கள். பல இன்டர்ஃபேஸ்களில் எக்ஸ்எல்ஆர் போட்டால் மைக் பெருக்கி, கால் அங்குலம் போட்டால் லைன் என்று ஒரே துளையே இரண்டாக வேலை செய்யும். மைக் பக்கம், மைக்குக்கு மின்சாரம் தரும் 48 வோல்ட் ஃபேன்டம் தவறிப்போய் ஆனில் இருந்தால் அது மிக்சரின் அவுட்டுக்குள் ஏறும். எல்லா மிக்சரும் அதைத் தாங்காது.

வேறு எதுவும் காலியாக இல்லையென்றால் ஹெட்போன் அவுட்டும் சரியே. அதன் குமிழை யாராவது திருகிவிட்டால் பதிவும் போச்சு, அவ்வளவுதான்.

கே: மெயின் அவுட் ஒன்றிலிருந்து கால் அங்குல ஸ்டீரியோ பின் – 3.5 மி.மீ. கேபிள் போட்டுப் பதிந்தேன். ஹெட்போனில் கேட்டால் ஒலி தலைக்கு வெளியே எங்கோ மிதக்கிறது. ஒற்றை ஸ்பீக்கரில் போட்டால் எதுவுமே கேட்கவில்லை. கோப்பு கெட்டுவிட்டதா?

ப: கோப்பு நன்றாகவே இருக்கிறது. மெயின் அவுட்டின் 3 பகுதிப் பின் ஸ்டீரியோ அல்ல. ஒரே ஒலியின் நேர், எதிர் வடிவங்கள். உங்கள் கேபிள் நேரை இடதாகவும் எதிரை வலதாகவும் கொண்டுபோய்ச் சேர்த்தது. ஒற்றை ஸ்பீக்கரில் இரண்டும் கூடும்போது ஒன்றையொன்று தின்றுவிடும். ஆடாசிட்டியில் ஸ்டீரியோ டிராக்கைப் பிரித்து, ஒரு பக்கத்தை அழித்து, மற்றதை மோனோவாக வைத்துக்கொண்டால் பதிவு முழுதும் மீண்டுவிடும். ஆனால் நீங்கள் செருகியது இடப் பக்க அவுட் என்றால் வலப் பக்கம் மட்டும் அனுப்பிய ஒலி இதில் இருக்காது.

அடுத்த முறை இடது அவுட்டுக்கு ஒன்று, வலது அவுட்டுக்கு ஒன்று என்று 2 மோனோ பின்கள் கொண்ட கேபிள். இடது, வலது அவுட்களை ஒரே ஒயரில் முறுக்கிச் சேர்ப்பதும் கூடாது. மோனோதான் வேண்டும் என்றால் மிக்சருக்குள்ளேயே எல்லாச் சேனல்களின் பேன் குமிழையும் (ஒலியை இடம், வலம் என்று நகர்த்துவது) நடுவில் வையுங்கள்.

கே: சார்ஜரைச் செருகியவுடன் ‘உம்ம்’ என்று ஒரு ஹம். கழற்றினால் போய்விடுகிறது. சார்ஜர் பழுதா?

ப: பெரும்பாலும் பழுதில்லை. மிக்சருக்கு ஓர் எர்த், லேப்டாப் சார்ஜருக்கு ஓர் எர்த், இரண்டையும் இணைக்கும் ஆடியோ கேபிளின் உறை: மூன்றும் சேர்ந்து ஒரு வளையமாகிவிட்டன. அந்த வளையத்தில் ஓடும் சிறு மின்னோட்டம்தான் ஹம். மின்சாரத்தின் 50 அல்லது 60 ஹெர்ட்ஸும் அதன் மடங்குகளும் கேட்கும்.

எளிய வழி பேட்டரியில் ஓட்டுவது. நிகழ்ச்சி 3 மணி நேரம், பேட்டரி 2 மணி நேரம் என்றால் மிக்சரையும் லேப்டாப்பையும் ஒரே பவர் ஸ்டிரிப்பில் செருகுங்கள். பல இடங்களில் இதுவே ஹம்மை வெகுவாகக் குறைக்கும். அதற்கும் அடங்காவிட்டால் மிக்சருக்கும் இன்டர்ஃபேஸுக்கும் நடுவே 1:1 ஐசொலேஷன் டிரான்ஸ்ஃபார்மர் (ஒயர் தொடர்பின்றி ஒலியை மட்டும் கடத்துவது), இடப் பக்கத்துக்கு ஒன்று, வலப் பக்கத்துக்கு ஒன்று. மலிவான டிரான்ஸ்ஃபார்மர் அடித்தொனியைக் கொஞ்சம் விழுங்கும். லெவலை ஏற்றினால் சிதைக்கவும் செய்யும். பேச்சுக்குப் பரவாயில்லை, தாளவாத்தியம் இருந்தால் நல்லதாக வாங்குங்கள். இருபுறமும் பேலன்ஸ்டு இருந்தால் இந்த ஹம் பெரும்பாலும் எழுவதே இல்லை.

யுஎஸ்பி இணைப்பிலேயே இந்த எர்த் தொடர்பைத் துண்டிக்கும் யுஎஸ்பி ஐசொலேட்டர் என்றும் ஒன்று உண்டு. விலை குறைந்தவற்றில் பல நொடிக்கு 12 மெகாபிட்டுக்கு மேல் போகாதவை. அதைவிட வேகம் கேட்கும் இன்டர்ஃபேஸ் அதில் ஓடாது.

பவர் பிளக்கின் எர்த் காலை வெட்டும் ‘வைத்தியம்’ இன்னும் சிலரிடம் இருக்கிறது. வேண்டவே வேண்டாம். உள்ளே ஒயர் கழன்று உடலில் மின்சாரம் பாய்ந்தால், மைக்கைப் பிடித்திருப்பவர்தான் எர்த் ஆவார்.

கே: லெவல் எவ்வளவு வைக்க வேண்டும்? சிவப்பைத் தொட்டும் தொடாமலும் என்று சொல்கிறார்களே?

ப: அது டேப் காலத்து வழக்கம். டேப்பின் இரைச்சலை மூடுவதற்காகச் சொன்னது. டிஜிட்டலில் சராசரி −18 டெசிபெல், உச்சம் −12 முதல் −6 வரை இருந்தால் போதும். டிஜிட்டலில் பூஜ்யம்தான் உச்ச வரம்பு; அதைத் தாண்டியது திரும்ப வராது. உச்சத்துக்கும் இரைச்சலுக்கும் நடுவே 16 பிட் பதிவில் கொள்கையளவில் 96 டெசிபெல் இடைவெளி, 24 பிட்டில் 144; கொஞ்சம் தாழ்த்திப் பதிந்தால் குடி முழுகிவிடாது.

வரிசை முக்கியம். ஒவ்வொரு சேனலிலும் கெயினை (உள்ளே வரும் ஒலியைப் பெருக்கும் அளவை), பாடுபவர் உச்சத்தில் பாடும்போது கிளிப் விளக்கு எரியாதபடி வையுங்கள். பிறகு ஃபேடர்கள். பிறகு மெயின் மீட்டர் பூஜ்யத்தை ஒட்டி ஆடட்டும். கடைசியாக இன்டர்ஃபேஸின் இன்புட் குமிழ். பெரிங்கர் யூசிஏ202 போன்ற சிறியவற்றில் அந்தக் குமிழே கிடையாது. அதில் தெரியும் குமிழ் ஹெட்போனுக்கு. அப்படியானால் மிக்சரின் அவுட்டில்தான் குறைக்க வேண்டும். ஒத்திகையில் பாடுவதைவிட மேடையில் சத்தமாகத்தான் பாடுவார்கள். அதற்கென்று இன்னும் 6 டெசிபெல் விட்டுவையுங்கள்.

கே: என் மிக்சரிலேயே யுஎஸ்பி இருக்கிறது. பதிவைத் தொடங்கியதும் ஊளையிடுகிறது.

ப: லேப்டாப்பிலிருந்து திரும்பி வரும் ஒலி மிக்சரின் மெயினில் கலக்கிறது, மெயின் மறுபடி லேப்டாப்புக்குப் போகிறது. ஆடாசிட்டியில் பதியும்போதே ஒலியைத் திருப்பி ஒலிக்கும் வசதியை அணையுங்கள். விண்டோஸில் அந்தச் சாதனத்தின் பண்புகளில் ‘இந்தச் சாதனத்தைக் கேள்’ என்ற பெட்டியிலும் டிக் இருக்கக் கூடாது. மிக்சரில் யுஎஸ்பி ரிட்டர்னை ஹெட்போனுக்கு மட்டும் அனுப்பும் பட்டன் இருந்தால் அதை அழுத்துங்கள்.

கே: கூடத்தில் எல்லாம் அருமையாகக் கேட்டது. பதிவில் குரல் மட்டும் முன்னால். மிருதங்கம் எங்கோ பின்னால். மிக்சர் சரியில்லையா?

ப: கூடத்துக்குச் சரியாக மிக்ஸ் செய்ததன் விளைவு இது. மிருதங்கம் தானாகவே கூடத்தில் கேட்கும், அதனால் ஃபேடரில் அதைக் குறைவாக வைத்திருப்பீர்கள். மெயினில் போவது கூடத்துக்குப் பற்றாத ஒலி மட்டும். பதிவுக்கு அந்தப் பற்றாக்குறைதான் போய்ச் சேர்ந்தது.

ஃபேடருக்கு முன்னால் எடுக்கும் ஆக்ஸ் ஒன்றை, அதாவது பிரீ ஃபேடர் ஆக்ஸை, பதிவுக்கென்று ஒதுக்குங்கள். அதில் குரலைக் குறைத்து வாத்தியங்களை ஏற்றித் தனி மிக்ஸ் அமைக்கலாம். ஸ்பீக்கர் எதிரில் உட்கார்ந்து காதால் இதைச் சரிபார்க்க முடியாது. காதை மூடும் ஹெட்போனோடு, முடிந்தால் வேறு அறையிலிருந்து கேளுங்கள். 2 ஆக்ஸ் காலியாக இருந்தால் இடம், வலம் என்று ஸ்டீரியோவாகவே செய்யலாம். ஒன்றுதான் இருக்கிறதென்றால் அதை இன்டர்ஃபேஸின் ஒரு சேனலுக்குக் கொடுத்து, மற்றதில் கூடத்து ஒலியைப் பிடிக்கும் மைக் ஒன்றைப் பதியுங்கள். கைதட்டலும் அரங்கின் மூச்சும் இல்லாத நேரடிப் பதிவு உப்பில்லாமல் இருக்கும். அந்த மைக் 10 மீட்டர் தள்ளி நின்றால் ஒலி ஏறத்தாழ 29 மில்லிநொடி பிந்தி வரும்; பின்னால் சேர்க்கும்போது அந்த டிராக்கை அந்த அளவு முன்னதாக ஒலிக்கும்படி நகர்த்துங்கள்.

கே: சாம்பிள் வேகம் (நொடிக்கு ஒலியை எத்தனை முறை அளப்பது) 44.1 கிலோஹெர்ட்ஸா, 48 கிலோஹெர்ட்ஸா? இடம் எவ்வளவு பிடிக்கும்?

ப: வீடியோவோடு சேர்ப்பது என்றால் 48, பாட்டு மட்டும் என்றால் 44.1. இன்டர்ஃபேஸ், விண்டோஸ், ஆடாசிட்டி மூன்றிலும் ஒரே எண்ணை வையுங்கள். ஸ்டீரியோ 44.1/16 பிட் மணிக்கு 635 மெகாபைட். 48/24 பிட் மணிக்கு ஒரு கிகாபைட்டுக்குச் சற்று மேல். வேவ் கோப்பு 4 கிகாபைட்டைத் தாண்டாது என்பதால் 48/24 ஸ்டீரியோவில் ஏறக்குறைய 4 மணி நேரத்தில் சுவரில் முட்டும். இடைவேளையில் நிறுத்திப் புதிதாகத் தொடங்கிவிடுங்கள்.

கே: பதிவின் நடுநடுவே ‘டிக், டிக்’ என்று வெட்டுகிறது.

ப: பஃபர், அதாவது ஒலியைத் தற்காலிகமாகச் சேர்த்துவைக்கும் இடம், போதவில்லை. பதிவு மட்டும்தானே, தாமதம் பற்றிக் கவலை இல்லை. 1024 சாம்பிளுக்கு உயர்த்துங்கள். வைஃபை, புளூடூத், வைரஸ் சோதனையை அந்த நேரத்துக்கு நிறுத்துங்கள். பவர் திட்டத்தில் யுஎஸ்பி உறக்கத்தை அணைத்து, ஹப் இல்லாமல் நேராக லேப்டாப்பில் செருகுங்கள். இவற்றில் ஒன்றைச் செய்ததும் சோதித்துவிட்டு அடுத்ததற்குப் போனால்தான் எது காரணம் என்று தெரியும்.

கே: கேமரா வீடியோவோடு லேப்டாப் ஒலியைச் சேர்த்தால் தொடக்கத்தில் பொருந்துகிறது, ஒரு மணி நேரம் கழித்து உதடு ஒரு பக்கம், ஒலி ஒரு பக்கம்.

ப: இரண்டின் கடிகாரமும் ஒன்றல்ல. பத்து லட்சத்தில் 50 பங்கு வித்தியாசம் இருந்தாலே மணிக்கு 180 மில்லிநொடி விலகும். தொடக்கத்தில் ஒரு கைதட்டு, முடிவில் ஒரு கைதட்டு, இரண்டையும் கேமராவும் லேப்டாப்பும் பிடிக்கும்படி பதியுங்கள். முதல் தட்டைப் பொருத்திவிட்டு, இரண்டாவது தட்டு பொருந்தும்வரை லேப்டாப் ஒலியை நீட்டுங்கள் அல்லது சுருக்குங்கள். நிகழ்ச்சி முடிந்து எல்லாரும் கிளம்பிவிட்டார்கள், தட்டவில்லை என்றால், கடைசிப் பாட்டில் தாளம் தெளிவாக விழும் ஓர் இடத்தை எடுத்துக்கொள்ளலாம்.