சர்க்கரை இறங்கினால் எழுப்பும் நாய்: முன்பணம் கொடுக்கலாமா?

கேள்வி: என் மகளுக்கு 9 வயது. டைப் 1 நீரிழிவு. இரவில் திடீர் திடீரென்று சர்க்கரை இறங்கிவிடுவதால் நானும் கணவரும் மாறி மாறி விழித்திருக்கிறோம். சர்க்கரை குறைவதை மோப்பத்திலேயே கண்டுபிடித்து எழுப்பும் லாப்ரடார் ஒன்று இருப்பதாக ஒரு முகவர் சொல்கிறார். 10 மாத நாய், பயிற்சி முடித்தது, சான்றிதழும் அடையாள அட்டையும் சிவப்பு உடுப்பும் சேர்த்துத் தருவாராம். பாதித் தொகையை முன்பணமாகக் கேட்கிறார். வாங்கலாமா? வாங்கினால், சர்க்கரையைத் தொடர்ந்து அளக்கக் கையில் ஒட்டியிருக்கும் சென்சாரை எடுத்துவிடலாமா? அவளுக்கு அது அரிக்கிறது.

பதில்: இரண்டாவது கேள்விக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். சென்சாரை எடுக்காதீர்கள். அரிப்பை மருத்துவரிடம் சொன்னால் ஒட்டும் இடத்தை மாற்றவோ, அடியில் தடுப்புப் படலம் போடவோ வழி சொல்வார். நாய்க்குத் தூக்கம் வேண்டும், சளி பிடிக்கும், வாசலில் பூனை போனால் கவனம் அங்கே போய்விடும். எவ்வளவு நல்ல நாயாக இருந்தாலும் அது சென்சாருக்குத் துணைதான்.

சரி, இந்த மோப்பம் நிஜமா? நிஜம்தான். சர்க்கரை இறங்கும்போது மூச்சில் ஐசோப்ரீன் என்ற வேதிப்பொருள் கூடுவதை 2016-ல் கேம்பிரிட்ஜ் ஆய்வாளர்கள் அளந்து காட்டினார்கள். சிலருக்கு அது ஏறக்குறைய இரு மடங்கானது. நாய் பிடிப்பது அதைத்தானா, வேறு வாசனையையா என்பது இன்னும் முடிவாகவில்லை. உங்களுக்கு அது முக்கியமும் இல்லை.

முக்கியமானது நாய்க்கு நாய் இருக்கும் வித்தியாசம். 2019-ல் வெளியான ஒரு பிரிட்டன் ஆய்வில் 27 நாய்களைக் கவனித்தார்கள். நடுத்தரமான நாய், சர்க்கரை இறங்கிய 100 முறைகளில் 83 முறை சொல்லிவிட்டது. அதற்கு இரண்டு ஆண்டுகள் முன்பு வெளியான சிறிய அமெரிக்க ஆய்வில் அது 36 முறைதான். நாய் எச்சரித்த 100 தடவையில் நிஜமாகவே சர்க்கரை குறைந்திருந்தது 12 தடவை! பெரும்பாலும் சென்சார் முந்திக்கொண்டது. பிரிட்டன் ஆய்வில் இருந்தவை ஒரே அமைப்பு பழக்கி, வீட்டுக்கு அனுப்பிய பிறகும் பதிவேடு வாங்கிப் பார்த்துக்கொண்டிருந்த நாய்கள். விலைக்கு வாங்கும் நாய்க்கு அந்தப் பின்கவனிப்பு யார் கொடுப்பது? நீங்கள்தான்.

முகவர் இதைச் சொல்லியிருக்க மாட்டார். நாய் முகர்ந்து காலால் தட்டும் ஒவ்வொரு முறையும் நீங்கள் எழுந்து விரலில் குத்திப் பார்க்க வேண்டும். சர்க்கரை குறைந்திருந்தால் உடனே பரிசுத் தீனி, குறையாவிட்டால் ஒன்றும் கிடையாது. நடுநிசி 3 மணிக்கும் இதே கணக்குதான். தூக்கக் கலக்கத்தில் 'சரி போ' என்று சும்மாவே ஒரு பிஸ்கட்டைக் கொடுத்துப் பழக்கினால், தட்டினால் பிஸ்கட் வரும் என்பதுதான் அது கற்கும் பாடம். கம்போடியாவில் கண்ணிவெடிகளை மோப்பம் பிடித்த மகாவா என்ற எலியைப் பற்றிக் கேள்விப்பட்டிருப்பீர்கள். 2020-ல் வீர விலங்குகளுக்கான தங்கப் பதக்கம் வாங்கியது, ஓய்வு பெறுவதற்குள் மொத்தம் 71 கண்ணிவெடிகளைக் கண்டுபிடித்தது. அப்படிப்பட்ட எலிகளையும் விடை தெரிந்த சோதனைக் களத்தில் தேறிய பிறகுதான் நிஜ வயலில் விடுகிறார்கள்.

இப்போது அந்தச் சான்றிதழுக்கு வருகிறேன். அதற்கு ஒரு மதிப்பும் இல்லை. உதவி நாய்களுக்கு விரிவான சட்டம் உள்ள அமெரிக்காவிலேயே அரசுப் பதிவேடு என்று ஒன்று கிடையாது. அட்டையோ உடுப்போ கட்டாயமும் இல்லை. பிறகு ஏன் விற்கிறார்கள்? வாசலில் நிற்கும் காவலாளி முதல் அலுவலக மேசையில் இருப்பவர் வரை 'அட்டை எங்கே' என்றுதான் கேட்கிறார்கள். நாய்க்கு வேலை தெரியுமா என்று சோதிக்க ஓர் அமைப்பை உருவாக்கத் துப்பில்லை, லேமினேட் செய்த அட்டையைப் பார்த்தால் மட்டும் திருப்தி. கேட்க ஆள் இருக்கும்வரை அச்சடிக்கவும் ஆள் இருப்பான். அமெரிக்காவின் வர்ஜீனியா மாநிலத்தில் 18,000 முதல் 27,000 டாலர் வரை வாங்கிக்கொண்டு, பயிற்சி அரைகுறையான குட்டிகளை இதே பெயரில் குடும்பங்களின் தலையில் கட்டியதாக ஒரு விற்பனையாளர்மீது 2018-ல் மாநில அரசே வழக்குப் போட வேண்டியதாயிற்று.

உங்கள் முகவரிடம் ஒன்று கேளுங்கள். உங்கள் மகளின் வியர்வை மாதிரியை அவர் இதுவரை கேட்டாரா? கேட்கவில்லை என்றால், இவளுடைய வாசனையை அந்த நாய் எப்போது கற்றதாம்? 10 மாத நாய் 'பயிற்சி முடித்தது' என்பதும் நம்பும்படி இல்லை. ஒழுங்காகச் செய்தால் ஒன்றரை வயது, இரண்டு வயது ஆகிவிடும்.

அவர் மாதிரி கேட்டால் கொடுங்கள், அப்புறம் நீங்களே சோதியுங்கள். சர்க்கரை 70-க்குக் கீழே போகும்போது ஒருவர் அவளுக்குப் பழச்சாறு கொடுக்கட்டும், அதே நேரத்தில் இன்னொருவர் கையுறையோடு சுத்தமான பஞ்சுத் துணியால் அவள் நெற்றியையும் கழுத்தையும் துடைத்துச் சிறு கண்ணாடிப் புட்டியில் போட்டு ஃப்ரீசரில் வைக்கட்டும். மாதிரிக்காகச் சாற்றை ஒரு நிமிடம்கூடத் தள்ளிப்போடாதீர்கள். சர்க்கரை சரியாக இருக்கும்போதும் இதே மாதிரி நிறைய எடுத்து வையுங்கள்.

சோதனை நாளில் ஒரே மாதிரியான ஆறு டப்பாக்கள். ஒன்றில் 'லோ' மாதிரி, அதாவது சர்க்கரை இறங்கியபோது எடுத்தது, மற்றவற்றில் சாதாரண மாதிரி. வைத்தவர் அறையை விட்டு வெளியே போய்விட வேண்டும். எதில் எது இருக்கிறது என்று உள்ளே இருக்கும் யாருக்கும், முக்கியமாக முகவருக்கு, தெரியக் கூடாது. பத்துச் சுற்று நடத்துங்கள், டப்பாக்களைச் சுற்றுக்குச் சுற்று புதிதாக மாற்றுங்கள். இரண்டு முறை சரியாகச் சொன்னதும் கைதட்டாதீர்கள், குருட்டு அதிர்ஷ்டத்திலேயே அவ்வளவு வரும். நடுவே சில சுற்றுகளில் 'லோ' மாதிரியையே வைக்காதீர்கள். இதைச் செய்யத்தான் பலரும் மறக்கிறார்கள். 2011-ல் வெளிவந்த ஒரு கலிஃபோர்னிய ஆய்வில் போதைப்பொருள், வெடிபொருள் தேடும் 18 நாய்களை எதுவுமே ஒளித்து வைக்காத இடத்தில் தேடவிட்டார்கள். நாய்களைப் பிடித்துச் சென்றவர்களிடம் மட்டும் பொருள் இருப்பதாகச் சொல்லியிருந்தார்கள். 144 தேடல்களில் 21 மட்டுமே தவறான எச்சரிக்கை இல்லாமல் முடிந்தன. நாய் நம் முகத்தைப் படித்துவிடும். 'புது இடம், நாய்க்குப் பழகவில்லை' என்று முகவர் சொன்னால், உங்கள் வீடும் அதற்குப் புது இடம்தான் என்று சொல்லுங்கள்.

ஒரு விதிவிலக்கு உண்டு. ஏற்கெனவே வீட்டில் வளரும் நாய், யாரும் பழக்காமலே சர்க்கரை இறங்கும்போது நக்குவது, குரைப்பது, பக்கத்தை விட்டு நகராமல் நிற்பது. 2008-ல் வெளியான ஓர் ஆய்வில், டைப் 1 நீரிழிவு உள்ள 212 நாய் வளர்ப்பவர்களில் ஏறக்குறைய 65 சதவீதம் பேர் தங்கள் நாய் ஒருமுறையாவது அப்படி நடந்ததாகச் சொன்னார்கள். ஆனால் அது அவர்கள் நினைவிலிருந்து சொன்னது. நாய் சொல்லாமல் விட்ட இரவுகள் நினைவில் நிற்காது. அப்படி ஒரு நாய் உங்கள் உறவினர் வீட்டில் இருந்தால்கூட, ஒரு நோட்டில் நாய் தட்டிய நேரம், சென்சார் காட்டிய எண், நாய் தவறவிட்ட நேரம் மூன்றையும் இரண்டு மாதம் எழுதிப் பாருங்கள். நோட்டு நல்ல கணக்குக் காட்டினால், முகவரிடம் போகாமல், உதவி நாய்களைப் பழக்கிப் பின்கவனிப்பும் தரும் அமைப்பிடம் அந்த நாயைக் காட்டுங்கள். மனோபாவம் சரியாக இருந்தால் சிலர் வீட்டு நாயையே பழக்கித் தருவார்கள்.

முன்பணம் வேண்டாம். கொடுத்தே ஆக வேண்டுமென்றால், மேலே சொன்ன சோதனை உங்கள் வீட்டில் நடக்கும், தேறாவிட்டால் இத்தனை நாளில் முழுத் தொகையும் திரும்ப வரும் என்று எழுதி, கையெழுத்து வாங்கிய பிறகு கொடுங்கள். ஏற்கெனவே கொடுத்துவிட்டீர்கள் என்றால் அவர் அனுப்பிய குறுஞ்செய்திகள், விளம்பரம், ரசீது எதையும் அழிக்காதீர்கள். 'பயிற்சி முடித்தது' என்ற அந்த வரிதான் நுகர்வோர் வழக்கில் உங்கள் பிடி.