மூன்று முகங்களுக்கு ஒரே கொண்டையா?

உவர்மலையிலிருந்து ஒரு வாசகி எழுதியிருக்கிறார்: "எனக்கு ஆனி மாதம் கலியாணம். தாலி கட்டு கோணேசர் கோயிலில், பின்னேரம் மண்டபத்தில் வரவேற்பு. எனக்கு உருண்டை முகம், கன்னமும் கொஞ்சம் பூசினாற்போல இருக்கும். இந்த முகத்துக்கு உயரக் கொண்டை நல்லது என்று படித்து, நடு வகிடு எடுத்து, காதை மூடி வாரி, உச்சியில் டோனட் என்ற பஞ்சு வளையத்தை வைத்துப் போட்டுப் பார்த்தேன். முகம் இன்னும் பெரிதாகத் தெரிகிறது. என் அக்காவுக்குத் தாடை அகலம். தோழியாக நிற்கப் போகும் மச்சாளுக்கு நீள முகம். மூன்று பேரும் ஒரே கொண்டை போட்டால்தான் படத்தில் வடிவாக இருக்கும் என்கிறார் அம்மா. போடலாமா?"

தங்கச்சி, கொண்டையைக் கட்டும் விதம் மூவருக்கும் ஒன்றாக இருக்கலாம். அது உட்காரும் இடமும் முன் தலையும் ஒவ்வொருவருக்கும் வேறாக இருக்க வேண்டும். அம்மா ஆசைப்படுவதும் கெட்டுப்போகாது.

பிடரிக்குச் சற்று மேலே ஒரு கொண்டை போட்டுக்கொண்டு கண்ணாடிக்கு நேரே நின்று பாருங்கள். கொண்டை தெரியவே தெரியாது. தெரிவதெல்லாம் உச்சந்தலை எவ்வளவு எழும்பியிருக்கிறது, காதோரம் முடி எவ்வளவு புடைத்திருக்கிறது, வகிடு எங்கே ஓடுகிறது, காது மூடியிருக்கிறதா திறந்திருக்கிறதா என்பவைதான். மணவறைக்கு முன்னால் இருக்கும் சனம் முழுவதும் பார்க்கப்போவது இந்த நான்கையும்தான். நான் பல வருடமாகத் திருகோணமலையில் மணப்பெண்களுக்குத் தலை கட்டுகிறேன். "எந்தக் கொண்டை எனக்குப் பொருந்தும்?" என்று கேட்டு வருகிறவர்களில் பலருக்குக் கொண்டையில் கை வைக்கத் தேவையே இருந்ததில்லை. வகிட்டையும் காதோரத்தையும் மாற்றினாலே போதுமாக இருந்தது.

முதலில் முகத்தை அளந்து பாருங்கள். கைபேசியைக் கிட்டப் பிடித்து நாமே எடுக்கும் படத்தை நம்ப வேண்டாம். கிட்டத்தில் எடுத்தால் மூக்கு பெருத்து, காதுப் பக்கம் ஒடுங்கி, நமக்கு இல்லாத ஒரு முகம் வந்துவிடும். இரண்டு மீட்டர் தள்ளி நின்று வேறொருவர் எடுத்தால் சரி. அதைவிடத் தையல் நாடா நம்பகமானது. நெற்றியில் முடி தொடங்கும் இடத்திலிருந்து நாடி வரை நீளம் எடுங்கள். அப்புறம் நெற்றி, கன்ன எலும்பு, தாடை என்று மூன்று அகலம். நீளமும் கன்ன அகலமும் கிட்டத்தட்ட ஒன்றாகவும் தாடை வளைவாகவும் இருந்தால் உருண்டை முகம். அதே அளவில் தாடையின் மூலை எடுப்பாகத் தெரிந்தால் சதுர முகம். நீளம் அகலத்தைப் போல ஒன்றரை மடங்கைத் தாண்டினால் நீள முகம். அளவு கொஞ்சம் முன்பின் இருந்தால் கவலைப்பட வேண்டாம். பெரும்பாலான முகங்கள் இரண்டு வடிவங்களுக்கு நடுவில்தான் நிற்கும்.

இனி நீங்கள் போட்டுப் பார்த்த உயரக் கொண்டைக்கு வருவோம். உருண்டை முகத்துக்கு உயரம் நல்லது என்று நீங்கள் படித்தது சரிதான். ஆனால் முன் தலையைப் படிய வாரிவிட்டு உச்சியில் பந்து போல ஒன்றை வைத்தால், அது முகத்துக்கு உயரம் தருவதில்லை. ஒரு வட்டத்தின் மேல் இன்னொரு வட்டம் ஏறி உட்கார்ந்துவிடுகிறது, கண்ணும் வட்டத்தையே பிடித்துக்கொள்கிறது. போதாததற்குக் காதை மூடி வாரியதால் கன்னத்துக்குப் பக்கத்திலேயே அகலம் கூடிவிட்டது. உயரம் நெற்றிக்கு மேலே, முடியிலிருந்தே எழும்ப வேண்டும். உச்சந்தலை முடியை மூன்று நான்கு படலங்களாகப் பிரித்து, ஒவ்வொன்றையும் வேர்ப்பக்கம் நோக்கிச் சீப்பால் எதிர்ப்பக்கமாக வாரி, கடைசிப் படலத்தை மட்டும் மேலே மூடி மெதுவாகச் சீவிவிடுங்கள். ஒரு அங்குலம் எழும்பினால் போதும். அதற்கு மேல் போனால் முகத்தை விட்டுவிட்டு எல்லோரும் தலையைப் பார்ப்பார்கள். காதோரத்தை ஒட்ட வாருங்கள், காது திறந்தே இருக்கட்டும். கொண்டையை உச்சியிலிருந்து இறக்கி, தலையின் பின்பக்க நடுவில், பந்தாக இல்லாமல் மேலிருந்து கீழாக நீளவாக்கில் சுருட்டிக் கட்டுங்கள்.

இங்கே ஒரு சிக்கல் வரும். உருண்டை முகத்துக்குக் கோண வகிடு எடுக்கச் சொல்லி எல்லோரும் எழுதுகிறார்கள். நெற்றிச்சுட்டி வைக்கும் மணப்பெண்ணுக்கு அது எப்படிச் சரிவரும்? சுட்டியின் சங்கிலி நடு வகிட்டில்தானே படுக்கும். நான் செய்வது இது: முன்னால் இரண்டு அங்குலத்துக்கு மட்டும் நடு வகிடு எடுப்பேன். அதோடு வகிட்டை நிறுத்திவிட்டு, பின்னால் உச்சந்தலையை எழுப்பிவிடுவேன். சுட்டியின் கொக்கி அந்த எழுந்த முடிக்குள் மறைந்துவிடும். வகிட்டின் இரு பக்கமும் உள்ள முடியை நேரே கீழே காதுக்கு வாராமல், சாய்வாக மேல்நோக்கிப் பின்னுக்குக் கொண்டு போவேன். சுட்டியே நெற்றியில் நெடுக்காக ஒரு கோடு போடுகிறது, உங்களுக்கு அது பெரிய உதவி. வகிட்டின் இருபுறமும் வைக்கும் சூரியன் சந்திரன் மட்டும் சின்னதாக இருக்கட்டும், பெரியதாக வைத்தால் நெற்றி அகலமாகிவிடும். கன்னத்துக்குப் பக்கத்தில் ஆடும் பெரிய ஜிமிக்கியும் அப்படித்தான். காதிலிருந்து கொண்டைக்கு ஏறிப்போகும் மாட்டல் போட்டால் நல்லது, கண்ணை மேலே இழுத்துப் போகும்.

பூவைப் பற்றி யாரும் கவனமாகப் பேசுவதில்லை. எனக்கு அதில் எப்போதுமே வருத்தம். மல்லிகைச் சரத்தைக் கொண்டையைச் சுற்றி வட்டமாகக் கட்டினால், முன்னாலிருந்து இரண்டு காதுக்கும் பின்னால் வெள்ளையாகப் பிதுங்கித் தெரியும். கறுப்பு முடிக்குப் பக்கத்தில் வெள்ளைப் பூதான் முதலில் கண்ணில் படும். அதனால் பூ எங்கே தெரிகிறதோ அங்கே முகம் அகலும். உங்களுக்கு மேலே பிறை போல வைத்து, மிச்சத்தைப் பின்னால் தொங்க விடுங்கள். மச்சாளுக்கு இதே பூவைக் காதோரம் தெரியும்படி தாராளமாக வைக்கலாம், அவருடைய முகம் கேட்பதே அந்த அகலத்தைத்தான்.

நீள முகத்துக்கு உச்சந்தலையை எழுப்பவே கூடாது. படிய விடுங்கள். கோண வகிடு எடுத்து, நெற்றியில் கொஞ்சத்தை மறைப்பது போல முடியைத் தாழ்வாக ஒதுக்கி, காதின் மேல்பாதியை மூடிப் பின்னால் கொண்டு போங்கள். கொண்டை தாழ இருக்கட்டும், கொஞ்சம் ஒரு பக்கமாகச் சாய்ந்து காதுக்குப் பின்னால் எட்டிப் பார்க்கட்டும். நடன அரங்கேற்றங்களில் ஆண்டாள் கொண்டை பார்த்திருப்பீர்கள், ஒரு பக்கமாகச் சாய்ந்து நிற்கும். அதன் எளிய வடிவம் மச்சாளுக்கு நன்றாக இருக்கும். முடியை ஐந்து விதமாக முடிந்து, ஒவ்வொன்றுக்கும் முடி, கொண்டை, சுருள், குழல், பனிச்சை என்று பெயர் வைத்து, கூந்தலையே ஐம்பால் என்று சொன்ன மொழி நம்முடையது. கொண்டை என்றால் நடு மண்டையில் ஒன்றுதான் என்று நாம் ஏன் சுருங்க வேண்டும்?

அக்காவின் அகலத் தாடைக்கு எதிரி இறுக்கம். நெற்றியிலிருந்து எல்லாவற்றையும் இழுத்து வாரினால் தாடையின் இரண்டு மூலையும் அப்படியே வெளியே வந்து நிற்கும். வகிடு நடுவிலிருந்து ஒரு விரல் தள்ளி இருக்கட்டும். நெற்றியோர முடியை லேசான அலையாக வளைத்துப் பின்னால் செருகுங்கள். உச்சியிலும் கொஞ்சம் எழும்பலாம். இப்படிப்பட்ட முகத்துக்குக் கன்னத்தில் இரண்டு இழையைத் தொங்க விடச் சொல்வார்கள். மண்டபத்துக்குள் மட்டும் என்றால் நானும் அதைத்தான் சொல்வேன். ஆனால் உங்கள் தாலி கட்டு கோணேசர் கோயிலில். கோட்டை வாசலைத் தாண்டி மேலே ஏறி, இராவணன் வெட்டு என்ற கடலோரப் பாறைப் பிளவின் பக்கம் திரும்பினாலே காற்று என்ன செய்யும் என்று உங்களுக்குச் சொல்லத் தேவையில்லை. தொங்கும் இழை வாயிலும் பொட்டிலும் வந்து ஒட்டும். அதனால் காலையில் அலை மட்டும், பின்னேரம் வரவேற்பில் இழையை இறக்கிக்கொள்ளலாம்.

மற்ற முகங்களைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன், உங்கள் வீட்டில் வேறு யாருக்காவது உதவும். நெற்றி அகன்று நாடி கூர்ந்திருந்தால் கழுத்தோரம் நிறைவாகத் தெரியும் தாழ்ந்த கொண்டை. கன்ன எலும்பு மட்டும் அகன்று நெற்றியும் நாடியும் ஒடுங்கியிருந்தால் நெற்றியோரத்தில் முடியைக் கொஞ்சம் புடைக்க விடலாம். நெற்றி ஒடுங்கித் தாடை அகன்றிருந்தாலும் நிறைவு மேலேதான் வேண்டும். நீள்வட்ட முகத்துக்கு எதுவும் பொருந்தும். அவர்கள் கழுத்தின் நீளத்தை மட்டும் பார்த்துக்கொள்ளட்டும்: கழுத்து குட்டை என்றால் கொண்டை கொஞ்சம் ஏற வேண்டும். கிண்ணியா, மூதூரிலிருந்து வரும் முஸ்லிம் மணப்பெண்களுக்கும் இதே கணக்குதான். ஹிஜாபுக்குள் இருக்கும் கொண்டையின் உயரம்தான் துணி விழும் வடிவத்தைத் தீர்மானிக்கும்.

இனி நிலைத்து நிற்பது. ஆனியில் இங்கே கச்சான் காற்று காலம். சூடாகவும் வறட்சியாகவும் வீசும், சின்ன முடியெல்லாம் எழும்பிப் பறக்கும், பிடரி வியர்க்கும். சூடு காட்டிச் சுருட்டிய முடி வியர்வையில் நிற்காது. முடி கெரட்டின் என்ற புரதத்தால் ஆனது. சூடு போடும்போது அதற்குள் உள்ள ஹைட்ரஜன் பிணைப்புகள் அவிழ்ந்து, ஆறும்போது புதிய வடிவில் பிணைகின்றன. ஈரம் பட்டால் அதே பிணைப்புகள் மறுபடி அவிழ்ந்துவிடும். தொழில் தொடங்கிய காலத்தில் இது புரியாமல், மாரி காலக் கலியாணம் ஒன்றில் ஒரு பிள்ளைக்கு முழுவதும் சுருட்டலை நம்பியே அலங்காரம் செய்தேன். வாடைக் காற்றின் ஈரத்தில் மாலை மாற்றுவதற்கு முன்பே எல்லாம் நீண்டு தொங்கிவிட்டது. அந்தப் பிள்ளையின் முகம் வாடியதை இன்னும் மறக்கவில்லை. அன்றிலிருந்து பின்னல், முறுக்கு, முடிச்சு இவற்றைத்தான் நம்புகிறேன். சுருட்டலை அழகுக்கு மட்டும் வைத்துக்கொள்கிறேன்.

அதனால் அன்று காலையில் தலை முழுக வேண்டாம், முதல் நாளே முழுகிவிடுங்கள். புதிதாகக் கழுவிய முடி வழுக்கும், கிளிப் நிற்காது. குதிரைவால் போல இறுக்கிக் கட்டிய ஒரு அடித்தளத்தின் மேல் கொண்டையைக் கட்டினால் பூவின் பாரத்தையும் தாங்கும். கறுப்புக் கிளிப்பின் நெளிந்த பக்கம் தலைத்தோலைப் பார்க்க வேண்டும். பலர் மறுவளமாகக் குத்துகிறார்கள். இரண்டு கிளிப்பைக் குறுக்காகப் பின்னிக் குத்தினால் நான்கு கிளிப்பின் வேலை நடக்கும். கொண்டை ஊசியை, கொண்டையின் ஓர முடியில் கொஞ்சத்தைக் கோத்து, பின் திருப்பி உள்ளே தள்ளுங்கள். பறக்கும் சின்ன முடிக்கு ஸ்பிரேயை நேரே அடிக்காமல், ஒரு பழைய பல்துலக்கியில் அடித்து அதனால் தடவிவிட்டால் தலை கட்டியாகத் தெரியாது.

கொண்டை போட்டதும் வலித்தால் அவிழ்த்துத் திரும்பக் கட்டச் சொல்லுங்கள். வெட்கப்பட வேண்டாம். இறுகக் கட்டிய முடி தலைவலி தரும், அந்த நாள் முழுக்க நீங்கள் சிரிக்க வேண்டுமே. வருடக்கணக்கில் இறுக்கியே வாரினால் நெற்றியோர முடி உதிர்ந்து, கவனிக்காமல் விட்டால் திரும்ப முளைக்காமலும் போகலாம். பள்ளிக்கூடக் காலத்து இறுக்கமான இரட்டைப் பின்னலில் இருந்தே அந்த இடம் மெலிந்து வருகிறவர்களைப் பார்க்கிறேன். உங்களுக்கு அங்கே மெலிவு இருந்தால் சவுரியை முன்னால் சேர்க்க வேண்டாம், பின்னால் கொண்டைக்குள் சேருங்கள்.

இரண்டு கிழமைக்கு முன் ஒருநாள், கலியாணச் சட்டை, சுட்டி, மாட்டல் எல்லாம் போட்டு ஒரு தடவை ஒத்திகை பாருங்கள். தலையோடு கூறை மாற்றிப் பார்ப்பதும் அதில் சேர வேண்டும். நடுவில் எழும்பிப் போய்க் கூறை உடுத்தி வரும்போது தலையால் போடும் சட்டையாக இருந்தால் அத்தனையும் குலைந்துவிடும், முன்னால் கொக்கி வைத்துத் தைக்கச் சொல்லுங்கள். அப்புறம், அக்காவை உங்கள் பின்னால் நிற்க வைத்து, ஒரு சங்கிலியைத் தாலிக்கொடி போலப் பூட்டிப் பார்க்கச் சொல்லுங்கள். கொண்டையின் அடிக்கும் கழுத்துக்கும் நடுவில் நான்கு விரல் இடம் இருந்தால்தான் பூட்ட வரும். தொங்கும் பூச்சரத்தைத் தாலி கட்டும் நேரம் யாராவது ஒருவர் ஒதுக்கிப் பிடிக்க வேண்டும். அந்த வேலையை மச்சாளிடம் கொடுத்து வையுங்கள்.